மலைப்பூக்கள் சமவெளியில் பூக்குமா? இரவு வெப்பத்தைப் பாருங்கள்!

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க்கண்காட்சி நடப்பது மே மாதத்தில். பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் சாலையோர நர்சரிகளில் வண்டியை நிறுத்தி, பூத்துக் குலுங்கும் தொட்டிகளில் இரண்டு, மூன்றை வாங்கிக்கொண்டு மலையிறங்குவது ஆண்டுதோறும் நடக்கும் காட்சி. ஹைட்ரேஞ்சியா, கார்னேஷன், பெகோனியா, பான்சி என்று எல்லாமே கண்ணைப் பறிக்கும். வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் மொட்டு கருகும். இருபதாவது நாள் இலை மஞ்சளாகும். ஆடி பிறப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும்.

தண்ணீர் போதவில்லை, உரம் சரியில்லை, கைராசி இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையில் அந்தச் செடி தோற்றது இடம் மாறியதால். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் கூடும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி மலையிறங்கும் சில மணி நேரத்தில் அந்தத் தொட்டிச்செடி 12 டிகிரி அதிக வெப்பத்துக்குள் தள்ளப்படுகிறது, அதுவும் ஆண்டிலேயே கொடுமையான மாதத்தில்.

தொட்டி என்றால் சில நூறு ரூபாயோடு போய்விடும். அதே தவறு வயலில் நடக்கும்போதுதான் சிக்கல். 'ஓசூரில் விளைகிறது, ஏற்காட்டில் விளைகிறது, நம் ஊரில் ஏன் விளையாது' என்று கடன் வாங்கி ஜெர்பரா, கார்னேஷன் நாற்றுகளை இறக்கினால், செடி போனாலும் தவணை நிற்காது. குளிர்ப்பிரதேசப் பூக்களில் சமவெளிக்கு ஒத்துவரக்கூடியவை இருக்கின்றன. எதை, எந்த மாதத்தில் என்பதைத் தீர்மானிப்பது பகல் வெயிலைவிட இரவு வெப்பம்தான்.

இரவில் நடக்கும் செலவு

பகலில் இலை வெயிலை வாங்கி மாவுச்சத்தைச் சேர்க்கிறது. இரவில் செடி சுவாசிக்கும்போது அதில் ஒரு பங்கு செலவாகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இரவு 14 டிகிரி இருக்கும் மலையில் கார்னேஷன் பகலில் சம்பாதித்ததில் கொஞ்சம் செலவழித்துவிட்டு மீதியைத் தண்டுக்கும் மொட்டுக்கும் அனுப்புகிறது. இரவு 25 டிகிரி இருக்கும் ஊரில் பகல் சம்பாத்தியத்தில் பெரும்பங்கை இரவே தின்றுவிடுகிறது. மிச்சம் இல்லாத செடி மெலிந்த தண்டோடு, சிறுத்த மொட்டோடு நிற்கும்.

பகல் 30 டிகிரி வரை போனாலும், இரவு நன்றாக இறங்கிவிட்டால் பல குளிர்காலச் செடிகள் சமாளித்துக்கொள்ளும். பகலில் நிழல் வலை கட்டி, தண்ணீர் தெளித்துக் குளிர்வித்துவிட்டு, இரவில் புழுக்கத்தில் விட்டால் பலன் இல்லை. மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் இது பொருந்தாது. அவை வெப்பத்துக்குப் பழகிய செடிகள்.

வெப்பம் பூவின் தரத்தையும் மாற்றும். சித்திரை வெயிலில் ரோஜா சிறுத்து, நிறம் வெளுத்து, காலையில் விரிந்து மாலையில் உதிர்வதைப் பூ விவசாயிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே செடி மார்கழியில் பெரிய பூவாக, அழுத்தமான நிறத்தில் பூக்கும். உரம் மாறவில்லை, வெப்பம்தான் மாறியது.

முதலில் தெர்மாமீட்டர்

எந்தப் பூவை நடலாம் என்று நர்சரியில் கேட்பதற்கு முன், தோட்டத்தின் இரவு வெப்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உச்ச, குறைந்த வெப்பத்தைப் பதிந்து காட்டும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். வெயிலும் மழையும் நேரடியாகப் படாத இடத்தில், தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில் தொங்கவிட்டு, சூரியன் உதிக்கும் முன் பார்த்து நோட்டில் எழுதி வரலாம். அந்த நேரத்தில்தான் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும்.

செல்போனில் காட்டும் எண்ணை நம்பி இருந்துவிடக் கூடாது. அது ஊருக்குப் பொதுவான கணக்கு. மேகமில்லாத பனிக்கால இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளமான நிலத்தில் தேங்கும். அதனால் ஓடைக்கரைத் தோட்டத்துக்கும் மேட்டுக்காட்டுக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். ஊருக்குள் கான்கிரீட் மாடியில் வைத்த தொட்டிகள் நிலை இன்னும் மோசம். பகலில் வாங்கிய சூட்டை மாடி இரவெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

பொதுவாகப் பார்த்தால், கோவையில் மார்கழி, தை இரவுகள் 18, 19 டிகிரி வரை இறங்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் அதைவிடக் குறையும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் இன்னும் குளிர் அதிகம். சென்னையில் அதே மாதங்களில் இரவு 21 டிகிரியை ஒட்டியே நிற்கும். கடலோரம் முழுவதும் இதே நிலைதான். குறைந்த வெப்பம் தொடர்ந்து 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் நாட்கள் எத்தனை என்று எண்ணினால், உள்மாவட்டங்களில் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி நடுப்பகுதி வரை கிட்டத்தட்ட 80 நாட்கள் தேறலாம். சமவெளி விவசாயிக்குக் கிடைக்கும் 'மலை' அந்த 80 நாட்கள்தான். பூக்கும் பருவம் அதற்குள் விழும்படி விதைப்பைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

எட்டாத பூக்கள்

சில செடிகளுக்குக் குளிர் வெறும் வசதி கிடையாது. அது பூப்பதற்கான கட்டளை. டூலிப் கிழங்கு பல வாரங்கள் கடும் குளிரில் இருந்தால்தான் சரியாகப் பூக்கும். காஷ்மீரில் ஸ்ரீநகர் டூலிப் தோட்டம் 2007-ல் திறக்கப்பட்டு இன்றும் பூப்பதற்கு அந்த ஊர்ப் பனிதான் காரணம். டெல்லியில் பிப்ரவரி மாதம் சாலையோரங்களில் டூலிப் பூப்பதைப் பார்த்துச் சிலர் ஆசைப்படுகிறார்கள். அங்கே நடப்பது வேறு. நெதர்லாந்திலிருந்து குளிரூட்டி வரவழைத்த கிழங்குகளை டிசம்பர் வாக்கில் நடுகிறார்கள். பூ சில வாரங்கள் நிற்கும். வெயில் வந்ததும் கதை முடிந்தது. அடுத்த ஆண்டுக்கு மறுபடி இறக்குமதி. மாநகர நிர்வாகம் அழகுக்காகச் செய்யும் அந்தச் செலவைச் சிறு விவசாயி செய்ய முடியாது. டெல்லியின் குளிர்கால இரவும் நம் சமவெளிக்கு இல்லை.

ஒத்துவரும் பூக்கள்

பெட்டூனியா, டயான்தஸ், ஃப்ளாக்ஸ், ஆன்டிரினம் போன்ற 'சீசன் செடிகள்' விதை போட்டு, பூத்து, ஒரே பருவத்தில் முடிந்துவிடுபவை. கோடையைத் தாண்டி இவற்றைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் சமவெளிக்கு ஏற்றவை. கார்னேஷன் ஆசை உள்ளவர்கள் அதன் நெருங்கிய உறவான டயான்தஸை வைக்கலாம். பூ சிறியது என்றாலும் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். பான்சி கொஞ்சம் அடம் பிடிக்கும். விதை முளைக்கும்போதே குளிர்ச்சி கேட்கும் செடி அது.

இந்தச் செடிகளை வயல் பயிராக நினைக்காமல், பையில் வளர்த்து மார்கழியிலும் பொங்கல் நேரத்திலும் பக்கத்து டவுனில் தொட்டிச்செடியாக விற்பதுதான் சரியான வழி. ஊட்டியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டியில் வரும் செடிகளுக்கு வாடகை ஏறுகிறது. உள்ளூரில் விதை போட்டு வளர்ந்த செடி உள்ளூர் வெப்பத்துக்கும் பழகியிருக்கும்.

சிறு விவசாயிக்கு உதிரிப்பூ வருமானம் என்று பார்த்தால் இரண்டு பூக்களைத்தான் நம்பலாம். ஒன்று சாமந்தி, இன்னொன்று சைனா ஆஸ்டர். நிலக்கோட்டையோ, சத்தியமங்கலமோ, திண்டுக்கல்லோ, எந்தப் பூ மார்க்கெட்டுக்கும் எடைக்கு எடுத்துப்போய்ப் போடலாம். கொய்மலர் போல நீளமான தண்டு, குளிர்பதன வண்டி, அலங்காரக் கடைக்காரரின் தயவு எதுவும் தேவையில்லை.

ஆஸ்டர்: புதிய விதை, புதிய நிலம்

பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காமினி, பூர்ணிமா, ஷஷாங்க், வயலட் குஷன் என்ற ஆஸ்டர் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. காமினி அழுத்தமான இளஞ்சிவப்பு, பூர்ணிமா வெள்ளை. மாலைக்கு இரண்டும் நன்றாகப் போகும்.

ஆஸ்டர் விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும். போன ஆண்டு மிச்சம் வைத்ததைப் போட்டால் பாதிகூட முளைக்காமல் போகலாம். எனவே விதை அந்தப் பருவத்தியதாக இருக்க வேண்டும். புரட்டாசி தொடக்கத்தில் குழித்தட்டில் விதைத்தால் ஒரு மாதத்தில் நாற்று தயார். நட்டதிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதத்தில், அதாவது தை மாத முகூர்த்த நேரத்தில், பூ கிடைக்கும். ஓர் அடி இடைவெளியில் நட்டால் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 450 நாற்றுகள் பிடிக்கும். முதல் ஆண்டில் ஐந்து சென்ட்டுக்கு மேல் போக வேண்டாம். 2,250 செடிகள் கற்றுக்கொள்ளப் போதுமானவை.

பகல் நீளம் குறைவான மாதங்களில் ஆஸ்டர் தண்டு குட்டையாகவே இருக்கும். உதிரிப்பூவுக்கு அதனால் நஷ்டம் இல்லை. கவனிக்க வேண்டியது வாடல் நோய். இதற்குக் காரணமான பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். ஒருமுறை ஆஸ்டர் வைத்த பாத்தியில் அடுத்த ஆண்டும் ஆஸ்டர் வைக்கக் கூடாது.

நாற்றங்காலைக் கெடுக்கும் மழை

வட இந்தியப் புத்தகங்களும் விதை பாக்கெட்டுகளும் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து நட்டுவிடச் சொல்லும். அங்கே அப்போது மழை முடிந்துவிடும். இங்கே அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அந்த அட்டவணையை அப்படியே பின்பற்றித் திறந்த பாத்தியில் விதைத்தவர்கள் நாற்றழுகலில் மொத்தமாக இழப்பார்கள்.

மழை படாத கூரையின் கீழ், ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில், குழித்தட்டு வைக்க வேண்டும். நன்கு கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவோடு மண்புழு உரம் கலந்து, அதில் டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்து நிரப்பலாம். பெட்டூனியா விதை தூசு மாதிரி இருக்கும். ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதைகள். மேலே தூவினால் போதும், மண் போட்டு மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பான்சிக்கு நேர் எதிர், இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும். வீட்டிலேயே குளிர்ந்த அறையில், ஈர மணல் பரப்பி அதன்மேல் தட்டை வைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நூல் மாதிரி நீண்டு விழுந்துவிடும்.

வயலில் நடும்போது மேட்டுப்பாத்தி கட்டாயம். மழை ஓய்ந்து மண் குளிர்ந்த பிறகு வைக்கோல் அல்லது கரும்புச் சோகை மூடாக்கு போட்டால், பிப்ரவரி வெயில் வேரைத் தொடுவதற்குச் சில வாரங்கள் தள்ளிப்போகும். தண்ணீரை வேருக்கு விடலாம், மாலையில் இலைமேல் தெளிக்கக் கூடாது. இரவு முழுவதும் இலை ஈரமாக இருந்தால் இலைப்புள்ளி நோய் வரும். நிழல் வலை கட்டியிருப்பவர்கள் சாயங்காலம் அதைச் சுருட்டிவிடுவது நல்லது. மண்ணின் சூடு வானத்தை நோக்கி வெளியேற வழி கிடைக்கும்.

சாமந்திக்கு இருட்டும் வேண்டும்

சாமந்தி பகல் நீளம் குறையும்போது மொட்டு வைக்கும் செடி. தமிழ்நாட்டில் ஆனியில் பகல் 12 மணி 45 நிமிடத்தை ஒட்டியும், மார்கழியில் பதினொன்றரை மணியை ஒட்டியும் இருக்கும். வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆக, நம் ஊரில் பகல் நீளம் சாமந்திக்குப் பெரிய தடையில்லை. தடை வெப்பம். இரவு புழுக்கமாக இருந்தால் வைத்த மொட்டும் வளராமல் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஐப்பசியில் இதற்கு நேர்மாறான தொல்லை. பகல் குறைவதால் தாமதமாக நட்ட செடி ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். செடி சிறியது, பூவும் குறைவு. கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் பக்கமும் இரவில் சாமந்தி வயல்கள் விளக்கு எரிந்து ஜொலிப்பது இதைத் தடுக்கத்தான். இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை வெளிச்சம் பட்டால் செடி அதை நீண்ட பகலாக எடுத்துக்கொண்டு வளர்ந்துகொண்டே இருக்கும். விளக்கை நிறுத்தியதிலிருந்து ரகத்தைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூ. பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரத்தில் விளக்கை நிறுத்த வேண்டும்.

பத்து சென்ட்டில் பத்தடிக்கு ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு என்று வைத்தால் 44 பல்புகள். தினம் நான்கு மணி நேரத்துக்கு 1.6 யூனிட், 45 நாளுக்குச் சுமார் 72 யூனிட். மின்செலவு பெரிதில்லை. எந்த மின் இணைப்பிலிருந்து எடுக்கலாம் என்பதை மட்டும் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வயலோரத்தில் தெருவிளக்குக் கம்பம் இருந்தால், அதன் கீழே உள்ள செடிகள் மட்டும் பூக்காமல் பச்சையாக நிற்கும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு!

நட்ட நான்காவது வாரம் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் வரும். பூ முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கிவிடாமல், நல்ல செடிகளை அடையாளம் வைத்துத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வெட்டிவிட வேண்டும். அடியிலிருந்து வரும் பக்கக்கன்றுகளே அடுத்த நடவுக்கு நாற்று. பங்குனி, சித்திரையில் இந்தத் தாய்ச்செடிகளுக்குத் தென்னை அல்லது அகத்தியின் சல்லடை நிழல் போதும். அப்போது பூ எதிர்பார்க்கக் கூடாது, உரம் ஏற்றக் கூடாது. உயிரோடு இருந்தால் போதும். வைகாசி மழை இரண்டு விழுந்ததும் கன்றுகள் கிளம்பும்.

பாலிஹவுஸ் கட்டினால்?

பக்கம் திறந்த சாதாரணப் பாலிஹவுஸ் குளிர்விக்காது. நடுப்பகலில் உள்ளே வெளியைவிடச் சூடாகவே இருக்கும். மலையில் அது உதவுவது, அங்கே வெளியே குளிர் இருப்பதாலும் மழை, பனியிலிருந்து பூவைக் காப்பதாலும்தான்.

ஈரத்தட்டியும் மின்விசிறியும் வைத்த கூடம் குளிர்விக்கும். ஆனால் அது வேலை செய்வது காற்று வறண்டிருந்தால். கோவை, திண்டுக்கல் பகுதிகளில் கோடைப் பகலில் நல்ல பலன் தெரியும். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பலன் குறைவு. எந்த ஊரானாலும் இரவில் காற்றின் ஈரப்பதம் கூடிவிடும். செடிக்குக் குளிர்ச்சி தேவைப்படும் நேரத்தில்தான் இந்த ஏற்பாடு தளர்ந்துபோகிறது. இந்தக் குறையைத் திட்ட அறிக்கைகளில் பார்ப்பது அரிது. மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் சமவெளியில் கார்னேஷனுக்குக் கூடம் கட்டுவது வேண்டாத வேலை. கட்டியே ஆக வேண்டும் என்றால், பக்கத்து ஊரில் அதே பூவை மூன்று கோடைகள் தாண்டி வைத்திருப்பவர் ஒருவரையாவது சித்திரை மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தை மாதத்தில் எல்லாக் கூடமும் அழகாகத்தான் இருக்கும்.

வாசகர்கள் கேட்டவை

*கொடைக்கானலில் வாங்கிய ஹைட்ரேஞ்சியா இரண்டு ஆண்டாக இலையாகவே வளர்கிறது. பூக்க என்ன உரம் போடலாம்?*

உரத்தால் தீராது. ஹைட்ரேஞ்சியா மொட்டு உருவாக 18 டிகிரிக்கும் குறைவான வெப்பம் தொடர்ந்து ஆறு வாரமாவது வேண்டும். வாங்கும்போது இருந்த பூ மலையிலேயே உருவான மொட்டிலிருந்து வந்தது. நிழலில் இலைச்செடியாக வைத்துக்கொள்ளலாம்.

*கிளாடியோலஸ் கிழங்கைத் தோண்டி வைத்தோம். அடுத்த ஆண்டு நட்டபோது சரியாக முளைக்கவில்லை. ஏன்?*

கிழங்கின் உறக்கம் கலையவில்லை. பூத்தண்டை வெட்டும்போது குறைந்தது நான்கு இலைகளைச் செடியில் விட்டு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்துக் கிழங்கைத் தோண்டி, நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்த வேண்டும். பிறகு 4, 5 டிகிரி குளிரில் மூன்று மாதம் இருக்க வேண்டும். சில கிலோ என்றால் வலைப்பையில் போட்டு வீட்டுப் பிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். பழுக்கும் பழங்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. மூட்டைக்கணக்கில் என்றால் குளிர்பதனக் கிடங்கு வாடகையையும் புதிய கிழங்கு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*நாகப்பட்டினம் மாவட்டம், கடலிலிருந்து 5 கிலோமீட்டர். சாமந்தி வைக்கலாமா?*

வருமானத்துக்கு வேண்டாம். உங்கள் பகுதியில் மார்கழியில்கூட இரவு 22 டிகிரியைச் சுற்றியே இருக்கும், கூடவே கனமழையும் உண்டு. வீட்டு வாசலுக்கு நான்கு தொட்டி பெட்டூனியாவைக் கார்த்திகைக் கடைசியில் வைத்துப் பார்க்கலாம், மாசி வரை தாக்குப்பிடிக்கும். நிலத்துக்கு மழை ஓய்ந்ததும் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி போதும். தண்ணீர் உப்பில்லை என்றால் வேலியோர நிழலில் கனகாம்பரமும் வைக்கலாம்.